கடினச் சொல்லைக் கொண்டு எளிய சொல்லை விளக்கலாமா?

அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லரும் பாட்ரீசியா கில்டியாவும் 1987இல் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். குழந்தைகள் சொற்களை எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றிய கட்டுரை அது. ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரியாத ஒரு சொல்லைக் கொடுத்து, அகராதியைப் பார்த்து வாக்கியம் எழுதச் சொன்னால் என்ன நடக்கும் என்பதை அதில் காட்டியிருந்தார்கள். அரித்தல் என்னும் பொருள் கொண்ட ‘இரோட்’ என்ற சொல்லுக்கு அகராதியில் ‘ஈட் அவுட்’ என்றும் ஒரு விளக்கம் இருந்தது. குடும்பத்தோடு ஹோட்டலுக்குப் போய்ச் சாப்பிடுவதைத்தான் ‘ஈட் அவுட்’ என்று பிள்ளை அறிந்திருந்தது. தங்கள் குடும்பம் நிறைய ‘இரோட்’ செய்யும் என்று எழுதிவிட்டது. தூண்டுதல் என்னும் பொருள் கொண்ட ‘ஸ்டிமுலேட்’ என்ற சொல்லுக்கு, கிளறுதலையும் குறிக்கும் ‘ஸ்டிர் அப்’ என்றிருந்தது. ஓர் அம்மையார் சூப்பை ‘ஸ்டிமுலேட்’ செய்தார் என்று இன்னொரு பிள்ளை எழுதியது.

பிள்ளைகள் மீது தவறில்லை. அவர்கள் அகராதியை முழுமையாக நம்பினார்கள். விளக்கத்தில் தங்களுக்குத் தெரிந்த பகுதியைப் பிடித்துக்கொண்டு, தெரியாத சொல்லை அந்த இடத்தில் வைத்தார்கள். விளக்கம் எழுதியவர்கள் பெரியவர்களை மனத்தில் வைத்து எழுதியிருந்தார்கள் என்பதுதான் சிக்கல். ஆங்கிலத்தையே வீட்டு மொழியாகக் கொண்ட பிள்ளைகளுக்கு இந்த நிலை என்றால், பள்ளியில் மட்டும் ஆங்கிலத்தைக் கேட்டு வளரும் நம் பிள்ளைகளுக்கு எழுதப்படும் விளக்கங்கள் எத்தனை கவனத்தோடு இருக்க வேண்டும்!

பட்டியலும் மனப்பாடமும்

நம் வகுப்பறைகளில் சொல் கற்பிக்கப்படும் விதம் எல்லோருக்கும் தெரிந்ததே. பாடத்தில் புதுச் சொல் வந்தால் கரும்பலகையில் அதை எழுதி, ஒரு சிறு கோடு போட்டு, பக்கத்தில் இன்னொரு சொல்லை எழுதுவார்கள். ‘ஹ்யூஜ்’ என்றால் ‘எனார்மஸ்’. ‘பிகின்’ என்றால் ‘கமென்ஸ்’. ‘ப்ரேவ்’ என்றால் ‘கரேஜியஸ்’. பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொள்வார்கள். நோட்ஸ் புத்தகங்களும் இதே வரிசையில்தான் அச்சாகின்றன. தேர்வில் ‘சினானிம்’ பகுதி வரும். மனப்பாடம் செய்தவர்களுக்கு மதிப்பெண் கிடைக்கும்.

இந்த ஜோடிகளைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். ‘ஹ்யூஜ்’ தெரியாத பிள்ளைக்கு ‘எனார்மஸ்’ தெரிந்திருக்குமா? ‘பிகின்’ என்பதை அறியாத பிள்ளை ‘கமென்ஸ்’ என்பதை எங்கே கேட்டிருக்கும்? கேட்ட சொல்லைவிட விடையில் இருக்கும் சொல் கடினமானது. ‘பிக்’ என்ற சொல் முதல் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ‘ஹ்யூஜ்’ என்றால் ‘வெரி, வெரி பிக்’ என்று சொல்லி, யானையையும் கோயில் கோபுரத்தையும் எடுத்துக்காட்டினால் பாடம் முடிந்தது. அதை விட்டுவிட்டு, ஒரு பூட்டுக்கு இன்னொரு பூட்டைச் சாவியாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் குறை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. ஆங்கில அகராதிக் கலையின் பெரும்பெயரான சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் ‘நெட்வொர்க்’ என்ற சொல்லுக்கு எழுதிய விளக்கம் இன்றுவரை எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. வலைப்பின்னலை யாரும் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். அதற்கு அவர் எழுதிய விளக்கத்தைப் புரிந்துகொள்ள லத்தீன் வேர்கொண்ட மூன்று நான்கு அரிய சொற்களை முதலில் தேட வேண்டும். ஜான்சனுக்கே இந்த இடர் தெரியும். விளக்கப்படும் சொல்லைவிட எளிய சொல்லால்தான் விளக்க வேண்டும், அத்தகைய சொல் எப்போதும் கிடைப்பதில்லை என்று தம் முன்னுரையில் அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

தொல்காப்பியம் காட்டும் வழி

சொற்பொருள் விளக்கத்தைப் பற்றித் தமிழ் இலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே தெளிவாக யோசித்திருக்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் உரியியல், பழக்கமில்லாத சொல்லைப் பழக்கமான சொல்லோடு சார்த்திப் பொருள் சொல்ல வேண்டும் என்ற கருத்தோடு தொடங்குகிறது. வெளிப்படையாகப் பொருள் விளங்கும் சொற்களை விளக்க வேண்டாம், விளங்காதவற்றை விளக்கினால் போதும் என்கிறது. இயலின் பிற்பகுதியில் இன்னும் மூன்று கருத்துகள் வருகின்றன. பொருளுக்குப் பொருள் கேட்டுக்கொண்டே போனால் அதற்கு எல்லை இருக்காது. உணர்த்தத் தெரிந்தவரால் பொருளைத் திரிபில்லாமல் உணர்த்திவிட முடியும். உணர்வது உணர்பவரின் ஆற்றலைப் பொறுத்தது.

இருபதாம் நூற்றாண்டு மொழிப் பயிற்சி அறிஞர்கள் வந்து சேர்ந்த முடிவுகளும் இவைதாம். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும். எங்காவது ஓரிடத்தில் நின்று, இதற்கு மேல் விளக்கம் வேண்டாம் என்ற அடித்தளத்தை வகுத்துக்கொள்ள வேண்டும். கற்பவர் யார் என்று பார்த்து விளக்க வேண்டும். இந்த மூன்றையும் கடைப்பிடித்து ஓர் ஆங்கில அகராதியை உருவாக்கியவருக்கு அந்த எண்ணம் வளர்ந்த இடம் லண்டன் அல்ல; டாக்கா.

டாக்காவில் வளர்ந்த யோசனை

மைக்கேல் வெஸ்ட் 1912இல் இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்த ஆங்கிலேயர். டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கப் படும் பாட்டை நேரில் பார்த்தவர். பெரும்பாலான பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடிக்காமல் நடுவிலேயே நின்றுவிடுவதை அவர் கவனித்தார். காப்பீட்டுத் துறையில் வழங்கும் ‘சரண்டர் வேல்யூ’ என்ற கருத்தைக் கல்விக்குக் கொண்டுவந்தார். பாலிசியைப் பாதியில் நிறுத்தினாலும் கட்டிய பணத்துக்கு ஏதோ ஒரு தொகை கைக்கு வருகிறது. அதுபோலப் படிப்பைப் பாதியில் விடும் பிள்ளைக்கு அதுவரை படித்த ஆங்கிலத்தால் கிடைப்பது என்ன என்று கேட்டார். அவர் பார்த்த பாடநூல்களில் அன்றாட வாழ்வில் பயன்படாத இலக்கியச் சொற்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. மூன்று, நான்கு ஆண்டுகள் படித்த பிள்ளை எதையும் தானாக வாசிக்க முடியாத நிலையில் வெளியேறியது.

வெஸ்ட் தம் வாசிப்பு நூல்களில் அரிய சொற்களை எடுத்துவிட்டு, அடிக்கடி வழங்கும் சொற்களை வைத்தார். புதுச் சொற்களை இடைவெளி விட்டு, ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்தினார். இதன் தொடர்ச்சியாக 1935இல் என்டிகாட் என்பவரோடு சேர்ந்து ‘நியூ மெத்தட்’ ஆங்கில அகராதியை வெளியிட்டார். 1,490 எளிய சொற்களை மட்டும் முதலில் தேர்ந்தெடுத்துக்கொண்டு, அவற்றுக்குள்ளேயே நின்று சுமார் 18,000 சொற்களையும் 6,000 மரபுத்தொடர்களையும் அந்த அகராதி விளக்கியது. அந்த 1,490 சொற்கள் தெரிந்த மாணவர், யார் உதவியும் இல்லாமல் மீதியைத் தானே படித்துக்கொள்ளலாம்.

அதே 1935இல் அமெரிக்காவில் எட்வர்ட் தார்ண்டைக் சிறுவர்களுக்கான அகராதி ஒன்றை வெளியிட்டார். எந்தச் சொல் எவ்வளவு அடிக்கடி அச்சில் வருகிறது என்று எண்ணி, 1921இலேயே ஆசிரியர்களுக்காக 10,000 சொற்களின் பட்டியலைத் தந்தவர் அவர். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பியின் அகராதி 1942இல் டோக்கியோவில் வெளியாகி, 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக உலகெங்கும் பரவியது. 1978இல் வந்த லாங்மன் அகராதி சுமார் 2,000 சொற்களுக்குள் தன் விளக்கங்களை எழுதியது. 1987இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் சின்க்ளேரின் குழு உருவாக்கிய ‘கோபில்ட்’ அகராதி இன்னோர் அடி எடுத்துவைத்தது. துண்டுச் சொற்களை விட்டுவிட்டு, ஆசிரியர் மாணவரிடம் பேசுவதுபோல முழு வாக்கியத்தில், ‘நீங்கள் இப்படிச் செய்தால் அதற்கு இந்தச் சொல்’ என்ற பாணியில் விளக்கியது. இந்த அகராதிகளில் வெஸ்ட், ஹார்ன்பி ஆகியோருடையவை, ஆங்கிலம் வேற்று மொழியாக இருந்த ஆசிய வகுப்பறைகளின் தேவையிலிருந்து எழுந்தவை.

குழந்தை எப்படி விளக்குகிறது?

ஒரு சொல்லைக் குழந்தையே எப்படி விளக்கும் என்பதையும் அறிஞர்கள் கவனித்திருக்கிறார்கள். பிரெஞ்சு உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே, தியோடர் சிமோனோடு சேர்ந்து உருவாக்கி 1908இல் திருத்தி வெளியிட்ட அறிவுத்திறன் அளவுகோலில், நாற்காலி, குதிரை போன்ற பழகிய சொற்களின் பொருளைக் கேட்கும் பகுதி உண்டு. ஆறு வயதுப் பிள்ளை பயனைச் சொல்லி விளக்கும்: நாற்காலி என்றால் உட்காருவதற்கு. ஒன்பது வயது வாக்கில்தான் அது எந்த வகைப் பொருள், எதனால் ஆனது என்று சொல்லத் தொடங்கும். 1952இல் ரூத் கிராஸ் எழுதி மாரிஸ் சென்டாக் படம் வரைந்த ‘எ ஹோல் இஸ் டு டிக்’ என்ற சிறுவர் நூல், குழந்தைகள் சொன்ன இத்தகைய விளக்கங்களைக் கொண்டே உருவானது.

‘மரத்தாலோ உலோகத்தாலோ ஆன, நான்கு கால்களை உடைய ஓர் அறைகலன்’ என்று தொடங்கும் விளக்கம் பெரியவர்களின் மனத்துக்கு ஒழுங்காகத் தெரியும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது தலைகீழ். பயன் முதலில், வகை பிறகு. சூழல் முதலில், இலக்கணம் பிறகு. குழந்தையின் மனம் போகும் இந்த வரிசையிலேயே விளக்கமும் போக வேண்டும்.

ஒரு சொல், ஒரு பென்சில்

‘பாரோ’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘கடன் வாங்கு’ என்பது நோட்ஸ் தரும் பொருள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கடன் என்றால் வீட்டில் பெரியவர்கள் கவலையோடு பேசும் பணம், வட்டி, தவணை. ஆனால், அந்தப் பிள்ளை தினமும் வகுப்பில் செய்யும் ‘பாரோ’ பணத்தைப் பற்றியதன்று. பென்சில், ரப்பர், நூலகப் புத்தகம் ஆகியவற்றைப் பற்றியது. ‘லெண்ட்’ என்ற சொல்லுக்கும் கடன் என்றே பொருள் எழுதிவைப்பதால், எது வாங்குவது, எது கொடுப்பது என்ற குழப்பம் கல்லூரிவரை தொடர்கிறது.

இப்படி விளக்கிப் பார்க்கலாம்: நண்பனிடம் பென்சில் கேட்கிறாய், அவன் தருகிறான், எழுதி முடித்துத் திருப்பிக் கொடுக்கிறாய். நீ செய்தது ‘பாரோ’. அவன் செய்தது ‘லெண்ட்’. இதை ஆங்கிலத்தில் சொல்லத் தேவைப்படுபவை ‘ஆஸ்க்’, ‘டேக்’, ‘யூஸ்’, ‘கிவ் பேக்’ ஆகிய சின்னஞ்சிறு சொற்கள்தாம். திருப்பிக் கொடுப்பதுதான் சொல்லின் உயிர்நிலை. அதை நீக்கினால் வெறும் ‘டேக்’ ஆகிவிடும். பக்கத்து வீட்டில் ஒரு கப் சர்க்கரை வாங்கினால் அதே சர்க்கரையைத் திருப்ப முடியாதே என்று ஒரு பிள்ளை கேட்கலாம். அதே அளவைத் திருப்பித் தருவோம். ஆகவே அதுவும் ‘பாரோ’தான் என்று வகுப்பே பேசி முடிவுக்கு வரலாம். அந்த ஐந்து நிமிடப் பேச்சில் சொல் பிள்ளையின் சொந்தமாகிவிடும்.

‘கசின்’ இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு. பெரியப்பா மகன், சித்தி மகள், அத்தை மகன், மாமா மகள் எல்லோருக்கும் ஆங்கிலத்தில் இந்த ஒரே சொல். தமிழில் எந்த ஒற்றைச் சொல்லைப் பக்கத்தில் எழுதினாலும் அது மற்ற உறவுகளை விட்டுவிடும். ‘உன் அங்கிள் அல்லது ஆன்ட்டியின் பிள்ளை’ என்ற விளக்கம் ஒரே வரியில் எல்லோரையும் உள்ளடக்கும். ‘ப்ரௌட்’ போன்ற மனவுணர்ச்சிச் சொற்களுக்குச் சூழலே விளக்கம். நீ வரைந்த படத்தை ஆசிரியர் வகுப்பறைச் சுவரில் ஒட்டி வைக்கும்போது உனக்கு வரும் உணர்வு என்றால் பிள்ளைக்குப் புரியும். கர்வம் என்ற மற்றொரு பொருளைப் பிறகு, அது பாடத்தில் வரும் அன்று சொல்லிக்கொள்ளலாம்.

எல்லாச் சொல்லுக்கும் விளக்கம் தேவையில்லை. ‘ஸ்பூன்’ என்றால் எடுத்துக் காட்டினால் போதும். ‘ரெட்’ என்றால் ரத்தத்தையும் தக்காளியையும் சொன்னால் போதும். ‘த’, ‘ஆஃப்’ போன்ற இடைச்சொற்களை விளக்க முயல்வது வீண்; வாக்கியங்களில் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் அவை படியும். மிகவும் கவனமாக இருக்க வேண்டியது, எளிது என்று நினைக்கும் வினைச்சொற்களில். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் ஆசிரியர்கள் ‘ரன்’ என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 600க்கும் மேற்பட்ட பொருள்களை வகுத்திருக்கிறார்கள். பிள்ளை ஓடும், பஸ் ஓடும், குழாயில் தண்ணீர் ஓடும், சளி பிடித்தால் மூக்கும் ஒழுகும். ஆங்கிலத்தில் எல்லாம் ‘ரன்’. ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டாமல், எதிர்ப்படும்போது ஒவ்வொன்றாகச் சொல்வதே முறை.

பிள்ளை கொண்டுவரும் கைமுதல்

தமிழ்நாட்டுப் பிள்ளை பள்ளிக்குள் நுழையும் முன்பே ஏராளமான ஆங்கிலச் சொற்களை அறிந்திருக்கிறது. பஸ், டிக்கெட், கேட், சோப்பு, பாட்டில், லைட், ஃபேன், சுவிட்ச், டிவி, சைக்கிள், பென்சில், டீச்சர், டாக்டர், ஊசி போடும் நர்ஸ். இவை எல்லாம் வீட்டுப் பேச்சில் கலந்தவை. வெஸ்ட் தேடித் தேடித் தொகுத்த அடித்தளச் சொற்களில் ஒரு பகுதி நம் பிள்ளைகளிடம் இலவசமாகவே இருக்கிறது. பாடநூல்கள் இந்தக் கைமுதலைக் கணக்கில் எடுத்துக்கொள்வது அவசியம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. நம் பேச்சில் வழங்கும் ஆங்கிலச் சொற்கள் சில, ஆங்கிலத்தில் உள்ள முழுப் பொருளில் வழங்குவதில்லை. ‘கரண்ட்’ என்றால் நமக்கு மின்சாரம். ஆங்கிலத்தில் ஆற்றின் ஓட்டமும் ‘கரண்ட்’தான். ‘மீல்ஸ்’ என்றால் நமக்கு இலை போட்ட மதியச் சாப்பாடு. ஆங்கிலத்தில் காலை இட்லியும் ஒரு ‘மீல்’. இத்தகைய சொற்களைத் தனியாகப் பட்டியலிட்டு, வேறுபாட்டை ஒரே வரியில் சொல்லிவைப்பது பிள்ளைக்குப் பெரும் உதவி.

எது அன்றாடச் சொல் என்பதும் ஊரைப் பொறுத்த கேள்வி. ஆக்ஸ்ஃபோர்டு ஜூனியர் அகராதியின் 2007ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து ஓக் மரக் கொட்டையைக் குறிக்கும் ‘ஏகார்ன்’, ‘பட்டர்கப்’ என்ற காட்டுப்பூ போன்ற இயற்கைச் சொற்கள் நீக்கப்பட்டு, ‘பிளாக்’, ‘பிராட்பேண்ட்’ போன்றவை சேர்க்கப்பட்டன. 2015இல் மார்கரெட் அட்வுட் உள்ளிட்ட எழுத்தாளர்கள் அதை எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். பிள்ளைகள் அகராதியில் எந்தச் சொல் இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு சமூகம் வாதாடுவது நல்ல செய்தி. ராமேசுவரத்துப் பிள்ளைக்குப் படகும் வலையும், பொள்ளாச்சிப் பிள்ளைக்குத் தென்னையும், தூத்துக்குடிப் பிள்ளைக்கு உப்பளமும் அன்றாடம். இறக்குமதியான சிறுவர் அகராதிகளில் பனிமனிதனும் கணப்பு அடுப்பும் எடுத்துக்காட்டுகளாக நிற்கும்போது, விளக்கத்துக்கே இன்னொரு விளக்கம் தேவைப்படுகிறது.

தமிழில் பொருள் சொல்லக் கூடாதா?

தமிழில் பொருள் சொன்னால் ஆங்கிலம் வராது என்று சில தனியார் பள்ளிகள் தமிழையே வகுப்பில் தடுக்கின்றன. இது தவறான கொள்கை. தாய்மொழியில் ஒரு சொல் சொன்னால் நொடியில் விளங்கும் இடத்தில் அதைச் சொல்வதே அறிவு. ஆங்கிலம், ஆங்கிலம், தமிழ் என மூன்று நிலைகளில் பொருள் தரும் லிப்கோ கையகராதி தமிழ்நாட்டில் தலைமுறைகளுக்கு உதவியிருக்கிறது. தமிழுக்கே, 1992இல் வெளியான க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, இன்றைய வழக்கில் உள்ள சொற்களை எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு தெளிவான தமிழில் விளக்கிக் காட்டியது. ஆனால், இவை பெரியவர்களுக்கானவை. எட்டு வயதுப் பிள்ளையின் கைக்கு ஏற்ற, அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த சொற்களின் எல்லைக்குள் நிற்கும் அகராதி வேறு வகை. தமிழ்ப் பொருளும் எளிய ஆங்கில விளக்கமும் அதில் அக்கம்பக்கமாக இருக்கலாம். ஒன்று மற்றொன்றுக்குப் பகையன்று.

கைபேசி இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். மொழிபெயர்ப்புச் செயலி ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லைத் தருகிறது. அந்தச் சொல்லை யார், எப்போது, எதற்காகச் சொல்வார்கள் என்பதைப் பிள்ளையின் வயதுக்கு இறங்கிச் சொல்ல வேண்டியவர்கள் ஆசிரியரும் பாடநூலும்தான்.

செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ இயக்கம், தொடக்க வகுப்புகளில் அடிப்படைத் திறன்களை உறுதிசெய்யும் நோக்கம் கொண்டது. மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனமும், தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகமும் பிள்ளைகளுக்கு ஏற்ற விளக்கங்களை உருவாக்கும் ஆற்றல் உள்ள அமைப்புகள். ஆங்கிலப் பாடநூல்கள் அடுத்த முறை திருத்தப்படும்போது, ஒவ்வொரு வகுப்புக்கும் அடித்தளச் சொற்பட்டியல் ஒன்றை வகுக்க வேண்டும். அருஞ்சொல் விளக்கங்கள் முந்தைய வகுப்புகளில் வந்த சொற்களாலேயே எழுதப்பட வேண்டும். பட்டியலுக்கு வெளியே ஒரு சொல் நுழைந்திருக்கிறதா என்பதைக் கணினி சில நொடிகளில் காட்டிவிடும். அச்சுக்கு முன் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கலாம். அதற்குப் பிறகு விளக்கங்களைப் பிள்ளைகளிடமே கொண்டுபோக வேண்டும். சொல்லை மறைத்துவிட்டு விளக்கத்தை மட்டும் படித்துக் காட்டி, என்ன சொல் என்று கேட்க வேண்டும். பிள்ளை சொல்லைச் சொல்லிவிட்டால் விளக்கம் தேறியது; சொல்லத் தெரியாமல் விழித்தால், திருத்த வேண்டியது விளக்கத்தைத்தான்.

தேர்வுமுறையும் மாற வேண்டும். ‘ஹ்யூஜ்’ என்ற சொல்லுக்கு ‘எனார்மஸ்’ என்று எழுதுபவருக்கு மதிப்பெண் தருவதை விட்டுவிட்டு, நீ பார்த்த ‘ஹ்யூஜ்’ ஆன ஒன்றைச் சொல் என்று கேட்டால், பிள்ளைக்குச் சொல் தெரிகிறதா என்பது வெளிப்படும்.

ஆசிரியர்கள் இதற்கு அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு ஐந்து சொற்களை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளையே விளக்கம் சொல்லச் சொல்லி, நல்லவற்றை ஒரு வகுப்பு நோட்டில் எழுதிவைத்தால், ஆண்டு முடிவில் அந்த ஊர்ப் பிள்ளைகளின் சொந்த அகராதி ஒன்று உருவாகியிருக்கும். அதை அடுத்த ஆண்டு வரும் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். அரசும் ஆசிரியர்களும் மூன்றாம் வகுப்பிலிருந்து இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.